கூழைக்கடாவின் பைக்குள் குடியிருப்பது யார்?

சென்ற இதழில் வலசைப் பறவைகளின் ஒட்டுண்ணிகளைப் பற்றி இரண்டே வரி எழுதியிருந்தேன். அதற்கு இவ்வளவு கடிதங்கள் வருமென்று எதிர்பார்க்கவில்லை. ஆகவே இந்த முறை முழுப் பகுதியும் அதற்கே.

கே: ஏரியில் நீந்துகிற வாத்து எண்ணெய் தேய்த்தாற்போல் பளபளக்கிறது. அதன் வயிற்றில் புழு இருக்கும் என்கிறீர்கள். நம்பவே முடியவில்லையே?
— மதுராந்தகம் வாசகி

ப: நம்புங்கள் அம்மா. புழுவே இல்லாத காட்டு வாத்தைத் தேடிப் பிடிப்பதுதான் கடினம். குடலில் நாடாப்புழு, தட்டைப்புழு, உருளைப்புழு. இரத்தத்தில் ஓரணு உயிர்கள். இறகுக்குள் பேனும் சிற்றுண்ணியும். பெரும்பாலும் பறவையும் இவையும் ஒருவரையொருவர் பொறுத்துக்கொண்டு வாழப் பழகிவிட்டன. பறவை செத்தால் புழுவுக்கும் சோறு இல்லை. அந்தப் பொறுமை எங்கே உடைகிறது என்பதுதான் நாம் கவலைப்பட வேண்டிய விஷயம். அது கீழே வருகிறது.

கே: பேன் தலையில் இருக்கும், இறகில் இருக்கும். பறவையின் வாய்க்குள் பேன் இருக்குமா?
— கூந்தன்குளம், பத்தாம் வகுப்பு மாணவன்

ப: இருக்கும் தம்பி, கூழைக்கடாவுக்கு இருக்கும்! அதன் அலகுக்குக் கீழே தொங்கும் பை இருக்கிறதல்லவா, அதன் உட்சுவரைக் கவ்விக்கொண்டு வாழ்வதற்கென்றே ஒரு பேன் இனம் உண்டு. பெயர் பியாகெட்டியெல்லா. நீர்க்காகங்களின் தொண்டையிலும் இதன் உறவுகள் வாழ்கின்றன. கூழைக்கடா பை நிறையத் தண்ணீரை அள்ளுகிறது, வடிக்கிறது, துடிக்கிற மீனை விழுங்குகிறது. அத்தனைக்கும் அசையாமல் பேன் பிடித்துக்கொண்டிருக்கிறது. முட்டை மட்டும் அங்கே ஒட்டாது. அதனால் தாய்ப்பேன் வெளியே வந்து தலை, கழுத்து இறகுகளில் முட்டையை ஒட்டிவிட்டுத் திரும்பவும் பைக்குள் போய்விடும். பிள்ளைகளைப் பத்திரமான இடத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிற தாய்தான் அதுவும்.

கே: வாத்தின் மூக்குக்குள் அட்டை ஏறும் என்று என் பேரன் சொல்கிறான். உண்மையா?
— நாகர்கோவில், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

ப: பேரன் சொல்வது உண்மை ஐயா. குளிர்நாட்டு ஏரிகளில் தீரோமைசான் என்ற அட்டை இருக்கிறது. வாத்து அலகால் சேற்றைத் துழாவும்போது நாசித் துளை வழியாக ஏறி, இரத்தம் குடித்து, வயிறு நிறைந்ததும் இறங்கிவிடும். ஒன்றிரண்டு ஏறினால் வாத்து தலையை உதறித் தும்மிக்கொண்டிருக்கும். கூட்டமாக ஏறினால் குஞ்சுகள் மூச்சு முட்டியே செத்துப்போகும்.

கே: ஒரு பறவையின் வயிற்றுப் புழு இன்னொரு பறவைக்கு எப்படிப் போகிறது? எச்சத்தை மற்றது தின்னுமா?
— திண்டுக்கல், கால்நடை மருத்துவ மாணவி

ப: சில புழுக்கள் அப்படி நேர்வழியில் போகும். தட்டைப்புழுவோ சுற்றுவழிக்காரர். அதன் வழித்தடத்தை ஒரு கண்ணாடி டம்ளரிலேயே பார்க்கலாம்.

குளத்திலிருந்து நாலைந்து நத்தைகளை எடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனி டம்ளரில் தெளிந்த தண்ணீரில் விட்டு, வெயில் படும் ஜன்னலோரம் வையுங்கள். பல டம்ளர்களில் ஒன்றுமே நடக்காது. ஏதாவது ஒன்றில் ஓரிரு மணி நேரத்தில் தண்ணீர் லேசாகக் கலங்கினாற்போல் ஆகும். கறுப்புத் துணியைப் பின்னால் பிடித்துப் பாருங்கள். தூசு போன்ற புள்ளிகள், காற்றில் மிதக்கிற தூசுபோல் சும்மா இறங்காமல், துள்ளித் துள்ளி மேலே ஏறும். பூதக்கண்ணாடியில் வால் தெரியும். சிலவற்றுக்கு வால் நுனி இரண்டாகப் பிரிந்திருக்கும். தட்டைப்புழுவின் இளம்புழுக்கள் அவை. நான் முதன்முறை பார்த்தபோது காபி ஆறியது தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

இவை வந்த கதை இதுதான். பறவையின் எச்சத்தோடு முட்டை தண்ணீரில் விழுகிறது. பொரிந்து வரும் நுண்புழு தனக்கு ஏற்ற நத்தையைத் தேடி உள்ளே புகுகிறது. நத்தையின் உடம்புக்குள் அது ஒன்றிலிருந்து ஆயிரக்கணக்காகப் பெருகுகிறது. நத்தை உயிரோடுதான் இருக்கும், ஆனால் இனி முட்டையிடாது. அதன் சத்தெல்லாம் புழுவுக்கே. பிறகு நாள்தோறும் இளம்புழுக்கள் தண்ணீருக்குள் கொட்டும். சில இனங்கள் நேராகப் பறவையின் தோலைத் துளைக்கும். சில மீனுக்குள்ளோ தவளைக்குள்ளோ வேறொரு நத்தைக்குள்ளோ போய்ச் சுருண்டு காத்திருக்கும். அதைப் பறவை தின்றால் வட்டம் முடிந்தது.

பார்த்து முடித்ததும் அந்தத் தண்ணீரைக் கையில் படாமல் கொதிக்க வைத்துக் கொட்டுங்கள். ஏனென்று அடுத்த பதிலில் தெரியும்.

கே: வாத்து மேய்ந்துவிட்டுப் போன வயலில் இறங்கினால் முழங்கால் வரை அரிப்பெடுக்கிறது. வாத்துக்கும் அரிப்புக்கும் சம்பந்தம் உண்டா?
— திருவாரூர் விவசாயி

ப: உண்டாக இருக்கலாம். வால் பிளந்த இளம்புழு என்றேனே, அவற்றில் ஒரு வகை வாத்தின் காலைத் தேடி அலைவது. டிரைக்கோபில்ஹார்சியா என்று பெயர். தண்ணீருக்குள் நிற்பது வாத்தின் காலா, உங்கள் காலா என்று அதற்குத் தெரியாது. தோலைத் துளைத்து உள்ளே போனபிறகுதான் இடம் மாறி வந்தது தெரிகிறது. மனித உடம்பில் அதனால் வளர முடியாது, தோலிலேயே சாகிறது. அந்தச் சாவுக்கு நம் உடம்பு காட்டும் எதிர்ப்புதான் அரிப்பும் சிவந்த தடிப்பும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஏரியில் நீந்துகிறவர்களுக்கு இது வரும். மலேசியா, தாய்லாந்து, அசாம் போன்ற இடங்களில் நெல்வயலில் இறங்குகிறவர்களுக்கு இதுபோன்ற அரிப்பு வந்ததாகப் பதிவு இருக்கிறது.

சில நாளில் தானாகவே அடங்கிவிடும். கரையேறியவுடன் துண்டால் அழுத்தித் துடையுங்கள். ஈரத்தைத் தோலிலேயே காயவிட்டால் இன்னும் சில புழுக்கள் உள்ளே போகும். சொறியாதீர்கள், சொறிந்தால் புண்ணாகிச் சீழ் வைக்கும். ஆனால் வயல் அரிப்புக்குக் காரணம் பல: உரம், பூச்சிமருந்து, பூஞ்சை. அரிப்பு நீடித்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். வாத்துக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டாம். அறுவடை முடிந்த வயலில் அவருடைய வாத்துகள் தின்பவற்றில் நத்தையும் உண்டு.

கே: ஒட்டுண்ணியால் வலசைப் பறவைகள் கூட்டமாகச் சாவதுண்டா? பொறுத்துக்கொண்டு வாழ்கின்றன என்றும் சொல்கிறீர்களே.
— கோவை, பறவை நோக்கர்

ப: இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன்.

அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றின் மேல்பகுதி. வடக்கே கூடு கட்டும் நாமக்கோழிகளும் ஸ்காப் என்கிற முக்குளி வாத்துகளும் இலையுதிர் காலத்தில் தெற்கே போகும்போதும், வசந்தத்தில் திரும்பும்போதும் தங்கி இரை தின்னும் இடம். 2002 முதல் அங்கே பறவைகள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தன. ஆண்டுதோறும் தொடர்ந்தது, மொத்தம் பல்லாயிரம். வயிற்றைக் கிழித்துப் பார்த்தால் குடல் புண்ணாகி, இரத்தம் கசிந்து, உள்ளே கடுகளவுகூட இல்லாத தட்டைப்புழுக்கள் மொய்த்துக் கிடந்தன. அதற்கு முன்பே, 1996-இல், விஸ்கான்சின் மாநிலத்தின் ஷவானோ ஏரியில் நாமக்கோழிகள் ஆயிரக்கணக்கில் இதேபோல் மடிந்திருந்தன.

புழு அங்கே எப்படிப் பெருகியது? பித்தினியா என்ற ஒரு சின்ன நத்தை. அரை அங்குலம் வந்தாலே அதிகம். அதன் சொந்த ஊர் ஐரோப்பா. 1870-களில் அமெரிக்கப் பேரேரிகளில் அது முதன்முதலில் காணப்பட்டது. கப்பலிலோ சரக்கிலோ மனிதர்கள் கொண்டுவந்தது. அங்கிருந்து மெல்லப் பரவி மிசிசிப்பிக்கு வந்தது. இந்தப் புழுக்கள் பெருகுவதும் அந்த நத்தைக்குள்; பறவைக்காகச் சுருண்டு காத்திருப்பதும் அதே இனத்து நத்தைக்குள். வலசையில் களைத்து இறங்கிய பறவை, எளிதில் கிடைக்கும் இரை என்று நத்தைகளை வாரி வாரித் தின்கிறது. ஒவ்வொரு நத்தையிலும் பல புழுக்கள். சில நாட்களில் பறவை பறக்க முடியாமல் தண்ணீரில் குந்துகிறது. பிறகு தலை கவிழ்கிறது. கவிழும்முன் அது இட்ட எச்சம் அடுத்த தலைமுறை நத்தைக்குள் புழுவை விதைத்துவிடுகிறது.

புழு தன் வழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. பறவையும் மாற்றவில்லை. நடுவே ஒரு நத்தையைக் கொண்டுவந்து வைத்தது நாம். பொறுமை உடைகிற இடம் என்று முன்னே சொன்னேன் அல்லவா, இது ஒன்று.

கே: அவ்வளவு தூரம் போவானேன்? நம் பக்கத்தில் கூழைக்கடாக்கள் செத்தனவே?
— அதே கோவைப் பறவை நோக்கர்

ப: ஆம். அதை நினைத்தால் மனம் கனக்கிறது. கர்நாடகத்தில் மண்டியா மாவட்டத்து கொக்கரெபெல்லூரில் ஊருக்கு நடுவே, வீட்டுக் கொல்லைப் புளியமரத்தில் கூழைக்கடா கூடு கட்டும். தாய்வீட்டுக்குப் பிரசவத்துக்கு வந்த மகள் என்று அதை ஊரார் சொல்வார்கள். 2017 கடைசியிலிருந்து அங்கே கூழைக்கடாக்கள் ஒவ்வொன்றாக மரத்திலிருந்து விழுந்தன. 2021–22 குளிர்காலத்தில் ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து தேலிநீலாபுரத்தில் நூற்றுக்கும் மேல். இரண்டு இடங்களிலும் பரிசோதனையில் சிக்கியது உருளைப்புழு.

இந்தப் புழு மீனோடு வருகிறது. இளம்புழு மீனின் உடம்பில் இருக்கும். பறவையின் இரைப்பையில் வளர்ந்து சுவரில் தலையைப் புதைத்துக்கொள்ளும். கூழைக்கடா எப்போதும் சிலவற்றைச் சுமந்துகொண்டுதான் இருக்கும். பல ஏரிகளில் பரந்து இரை தேடிய பறவை, ஏரிகள் வற்றியும் சுருங்கியும் போனபின் மிஞ்சிய சில குளங்களில் நெருக்கியடித்து மீன் பிடிக்க வேண்டி வந்தால், ஒரே இடத்தில் எச்சம், ஒரே இடத்து மீன், மறுபடியும் அதே பறவை. புழுவுக்கு இதைவிட வசதி வேறில்லை. சைபீரியாவிலிருந்து வருகிற பறவை அல்ல இது. நம் தென்னாட்டுக்குள்ளேயே நீரைத் தேடி ஊர் ஊராகப் போய்வருவது. அதனால் நம் ஏரிகளின் கணக்கு அதன் உடம்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

கே: ராஜஸ்தானில் சாம்பார் ஏரியில் 2019-இல் ஆயிரக்கணக்கான பறவைகள் செத்தனவே, அதுவும் புழுவா?
— சேலம் வாசகர்

ப: இல்லை. அது பாட்டுலிசம்; ஒரு பாக்டீரியாவின் நஞ்சு. பறவைக் காய்ச்சல் வைரஸ். ஒட்டுண்ணி மூன்றாவது கட்சி. செத்த பறவையைப் பார்த்தவுடன் எது என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் தொடாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள் என்று ஒவ்வொரு முறையும் எழுதுகிறேன்.

கே: ஆட்டுக்கும் கோழிக்கும் குடற்புழு மருந்து கொடுக்கிறோம். அதையே ஏரியில் கலந்துவிட்டால் என்ன?
— பெரம்பலூர் வாசகர்

ப: உங்கள் இரக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த மருந்து பறவையோடு நிற்காது. தண்ணீரில் இருக்கிற பூச்சி, இறால், மீன்குஞ்சு அத்தனைக்கும் போகும். பறவையின் சாப்பாடே அவைதான். அளவு எப்படி நிர்ணயிப்பீர்கள்? 25 கிராம் உள்ளானுக்கும் 5 கிலோ கூழைக்கடாவுக்கும் ஒரே ஏரித் தண்ணீர். மாட்டுக்கு வலி தீரக் கொடுத்த டைக்ளோஃபினாக், மாட்டின் சடலத்தைத் தின்ற பாறு கழுகுகளை ஏறக்குறைய துடைத்தெடுத்தது. 2006-இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தபோது பெரும்பகுதி போய்விட்டிருந்தது. பிடித்துக் கூண்டில் வைத்துச் சிகிச்சை செய்கிற பறவைக்கு மருத்துவர் மருந்து கொடுக்கட்டும். ஏரிக்கு வேண்டாம்.

கே: பறவைகளுக்கு மலேரியா வருமா?
— சென்னை, செவிலியர்

ப: வரும். மலேரியாவைக் கொசு எப்படிக் கடத்துகிறது என்று உலகுக்குத் தெரிந்ததே பறவைகளால்தான். 1898-இல் கல்கத்தாவில் ரொனால்ட் ராஸ் சிட்டுக்குருவிகளையும் க்யூலெக்ஸ் கொசுக்களையும் வைத்து, மலேரியாக் கிருமி கொசுவின் வயிற்றிலிருந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போய், அடுத்த கடியில் அடுத்த பறவைக்கு ஏறுவதைக் கண்டார். 1902-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பறவை மலேரியா நமக்கு ஒட்டாது, பயம் வேண்டாம்.

நீர்ப்பறவைகளில் இதற்கு ஒரு பங்காளி நோய் உண்டு. கருப்பு ஈ கடித்துப் பரப்புகிற லூக்கோசைட்டோசூன். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து சீனி சரணாலயத்தில் 1960-களிலும் 70-களிலும் கனடா வாத்துக் குஞ்சுகளைச் சில ஆண்டுகளில் கூட்டமாகக் கொன்றது அதுதான். நோயைத் தாங்கி வளர்ந்த தாய் நன்றாக நீந்திக்கொண்டிருக்கும். அதன் இரத்தத்திலிருந்து ஈ எடுத்துக்கொண்டு போனது, பின்னால் வரிசையாக வருகிற குஞ்சுகளைச் சாய்க்கும்.

கே: கோடியக்கரையில் கையளவு உள்ளானைப் பார்த்தேன். சைபீரியாவிலிருந்து வந்தது என்றார்கள். இவ்வளவு சின்னது ஏன் இவ்வளவு தூரம் பறக்க வேண்டும்?
— வேதாரண்யம், கல்லூரி மாணவி

ப: குளிரும் பசியும் முதல் காரணம். அதோடு ஒட்டுண்ணியும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நெதர்லாந்துப் பறவையியலாளர் தியூனிஸ் பியர்ஸ்மா 1997-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். நீங்கள் பார்த்தது கொசு உள்ளானாகவோ வளைமூக்கு உள்ளானாகவோ இருக்கும். அவை முட்டையிடுவது வடதுருவத்தை ஒட்டிய தூந்திரத்தில். மீதி நாளைக் கழிப்பது உப்புக்கரையில். இரண்டு இடத்திலும் நோய் பரப்பும் உயிர்கள் குறைவு. கடுங்குளிரில் கிருமி முதிர்வது சிரமம். உப்புநீரில், காற்று வீசுகிற திறந்த கரையில், நோய் பரப்பும் கொசுக்கள் அதிகம் தங்குவதில்லை. நடுவழியில் இருக்கும் நன்னீர்ச் சதுப்புகளில் இரை இருந்தும், இவை தங்காமல் தாண்டிப் போவதற்கு இது ஒரு விளக்கம். கடற்கரை உள்ளான்களின் இரத்தத்தைச் சோதித்தவர்களுக்கு மலேரியா வகைக் கிருமிகள் அரிதாகவே கிடைத்திருக்கின்றன.

உடம்பில் நோய் எதிர்ப்புக்குச் செலவழிக்கிற சத்தை மிச்சப்படுத்தி இறக்கைக்குக் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அழகான கருத்து. முழுதும் நிரூபிக்கப்பட்டது என்று சொல்ல மாட்டேன்.

கே: உலகத்திலேயே கெட்டிக்காரப் புழு எது?
— கூந்தன்குளம் மாணவன் (மறுபடியும்)

ப: உனக்காகவே ஒன்று வைத்திருக்கிறேன். கலிஃபோர்னியாவின் உப்புச் சதுப்புகளில் கில்லி என்று ஒரு சின்ன மீன். ஒரு தட்டைப்புழு அதன் மூளையின்மேல் போய் அமர்ந்துகொள்கிறது. அந்த மீன் பிறகு சும்மா நீந்துவதில்லை; மேலே வந்து நடுங்கும், புரளும், வெள்ளை வயிற்றைப் பளிச்சென்று காட்டும். கொக்குக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிற மாதிரி. 1996-இல் வெளியான ஓர் ஆய்வில், புழு ஏறிய மீன்கள் மற்ற மீன்களைவிட 10 முதல் 30 மடங்கு அதிகமாகப் பறவைகளிடம் சிக்கின. புழு சேர வேண்டிய இடம் கொக்கின் குடல், சேர்ந்துவிட்டது.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. புழு இல்லையென்றால் கொக்கு ஒவ்வொரு மீனுக்கும் மிகவும் பாடுபட வேண்டும். புழு வைக்கிற வாடகை, எளிதாகக் கிடைக்கிற மீன்.

கே: பூநாரையின் சிவப்பு, அதன் வயிற்றுப் புழுவால் வருவதா?
— தூத்துக்குடி, உப்பளத் தொழிலாளி

ப: இல்லை. பாசியிலும் உப்பள இறாலிலும் உள்ள நிறப்பொருளால் வருவது. ஆனால் உங்கள் கேள்வியின் ஓரத்தில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. பிரான்ஸ், ஸ்பெயின் நாட்டு உப்பளங்களில் பார்த்தது: பூநாரையின் நாடாப்புழு, குஞ்சுப் பருவத்தில் ஆர்டீமியா என்கிற அந்த உப்பள இறாலுக்குள் வளர்கிறது. புழு ஏறிய இறால் மலடாகிறது, கண்ணைப் பறிக்கும் சிவப்பாகிறது, நீரின் மேல்மட்டத்தில் கூட்டமாகச் சேர்கிறது. பூநாரைக்கு இலை போட்டுப் பரிமாறினாற்போல்.

பூநாரையின் புழு வேறொரு காரியமும் செய்தது. பூநாரை யாருக்குச் சொந்தம் என்று பறவையியலாளர்கள் நெடுங்காலம் வாதாடினார்கள். நாரைக்கா, வாத்துக்கா? பூநாரையின் பேன், வாத்துப் பேனுக்கு உறவாக இருந்ததால் வாத்துக்கட்சிக்கு அது ஒரு சாட்சி. ஆனால் பூநாரையின் நாடாப்புழுக்களில் ஒன்று, பூநாரையை விட்டால் முக்குளிப்பான்களின் வயிற்றில் மட்டுமே வாழ்கிற ஒரு குடும்பத்தைச் சேர்ந்தது. நீண்ட கால் பூநாரைக்கும் குளத்தில் முங்கி எழும் குட்டை முக்குளிப்பானுக்கும் என்ன சம்பந்தம் என்று அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2001-க்குப் பின் வந்த மரபணு ஆய்வுகள், இரண்டும் நெருங்கிய உறவு என்று சொல்லிவிட்டன. பேன் ஒரு பறவையிலிருந்து மற்றதற்கு இடையில் தாவியது. புழு சொன்னதே சரியாகப் போயிற்று.

கே: இங்கே நண்பர் ஒருவர் வேட்டையாடிய வாத்தைக் கொடுத்தார். நெஞ்சுக்கறியை அரிந்தால் உள்ளே அரிசி மணிகள்! யாரோ சமைத்த சோறு ஒட்டியதோ என்று பார்த்தேன். சாப்பிடலாமா?
— டொராண்டோவிலிருந்து ஒரு வாசகர்

ப: வேட்டைக்காரர்கள் அதற்கு 'அரிசி நெஞ்சு' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். சார்கோசிஸ்டிஸ் என்ற ஓரணு உயிரின் கூடுகள் அவை. தசைநாரின் வாக்கிலேயே நீளமாக, வெள்ளையாக இருக்கும். உங்கள் ஊரில் ஸ்கங்க் என்று நாற்றமடிக்கிற ஒரு பிராணி இருக்கிறதே, அது இந்தக் கறியைத் தின்றால் அதன் குடலில் முதிர்ந்து, அதன் சாணத்தின் வழியாக மீண்டும் வாத்துக்கு வரும். வட ஐரோப்பாவில் அந்த வேலையை நரி செய்கிறது. மனிதருக்கு இது நோய் தந்ததாகத் தெரியவில்லை. நன்றாக வேகவைத்தால் கூடு செத்துவிடும். எனக்கென்னவோ மனம் வராது. வீசுவதானால் காட்டில் வீசாதீர்கள். அப்புறம் ஸ்கங்குக்கு விருந்து. இங்கே இருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: நம் நாட்டில் காட்டு வாத்தைச் சுடுவது 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

கே: பறவைப் புழுக்கள் மீன் வழியாக நமக்கு வருமா?
— ராமநாதபுரம், மீன் வியாபாரம் செய்யும் பெண்மணி

ப: பச்சையாகத் தின்றால் சில வரும். 1960-களில் பிலிப்பைன்ஸின் லூசான் தீவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை வயிற்றுப்போக்கில் தள்ளிய ஒரு நுண்ணிய உருளைப்புழுவுக்கு, மீன் தின்னும் பறவைகளே இயற்கையான வீடு என்று பிறகு தெரிந்தது. அங்கே சின்ன மீனைப் பச்சையாகத் தின்னும் வழக்கம் உண்டு. 1982-இல் அமெரிக்காவில் தூண்டில் மீனை உயிரோடு விழுங்கிய சிலருக்கு, கொக்கின் புழு குடலைத் துளைத்து அறுவை சிகிச்சை வரை போயிற்று. நம் மீன் குழம்பு கொதித்தே தீரும். கொதித்த குழம்பில் எந்தப் புழுவும் பிழைக்காது. குடலை நன்றாகக் களைந்து, கழிவைக் குளத்தில் போடாமல் புதைத்துவிடுங்கள். போதும்.

கே: அப்படியானால் ஒட்டுண்ணி இல்லாத ஏரிதான் நல்ல ஏரி, சரிதானே?
— தஞ்சாவூர் வாசகர்

ப: தவறு. இந்தத் தவறைத் திருத்தத்தான் இவ்வளவும் எழுதினேன்.

கலிஃபோர்னியாவில் கார்ப்பின்டீரியா என்ற உப்புச் சதுப்பு கெட்டுக் கிடந்தது. அதன் ஒரு பகுதியைச் சீரமைத்தார்கள். பறவை வந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பறவை பறந்துவிடும்; எண்ணும் நாளில் இல்லாமல் போகும். ஆய்வாளர்கள் சேற்றிலிருந்த கொம்பு நத்தைகளை எடுத்து, உள்ளே தட்டைப்புழு எவ்வளவு என்று பார்த்தார்கள். கெட்டுக் கிடந்தபோது நத்தைகளில் புழு குறைவு. சீரமைத்தபின் ஆறு ஆண்டுகளில் அது ஏறக்குறைய நான்கு மடங்கானது. புழு இனங்களும் கூடின. ஒவ்வொரு புழு இனத்துக்கும் நத்தை, மீன் அல்லது நண்டு, பறவை என்று எல்லாரும் வேண்டும். ஒருவர் விடுபட்டாலும் அது அற்றுப்போகும். ஆகவே புழு திரும்பியது என்றால் எல்லாரும் திரும்பிவிட்டார்கள் என்று பொருள். அந்தக் கடற்கரையின் முகத்துவாரங்களில் எடுத்த இன்னொரு கணக்கு 2008-இல் வெளியானது: ஓராண்டில் நத்தைகள் வெளியேற்றும் தட்டைப்புழு இளம்புழுக்களின் மொத்த எடை, அங்குள்ள பறவைகளின் எடையைவிட அதிகம்!

ஆக, பல வகைப் புழு கொஞ்சம் கொஞ்சமாக இருந்தால் ஏரி நலம். ஒரே வகை அளவுமீறிப் பெருகினால் ஏரிக்கு நோய். அந்தப் பெருக்கத்துக்குப் பின்னால் பெரும்பாலும் நம் கை இருக்கிறது. ஃபுளோரிடாவில் கொக்குக் குஞ்சுகளின் இரைப்பையைத் துளைத்துக் கொல்லும் யூஸ்ட்ராஞ்சிலைடிஸ் என்ற சிவந்த உருளைப்புழுவை எடுத்துக்கொள்ளுங்கள். கழிவும் உரமும் கலந்த தண்ணீரில், சேற்றில் வாழும் சிறு மண்புழு இனங்கள் கொழிக்கின்றன. இந்த ஒட்டுண்ணியின் இளம்புழு அவற்றில் வளர்கிறது. மீன் அதைத் தின்கிறது. தாய்க்கொக்கு அந்த மீனைக் கொண்டுபோய் ஆசையாகக் குஞ்சின் வாயில் ஊட்டுகிறது. கூடு சுத்தம், தாய் நல்லவள், மீன் புதிது. தவறு, தண்ணீரில் நாம் விட்ட சாக்கடையில்.

கே: நாங்கள் என்ன செய்யலாம்? பள்ளியில் சுற்றுச்சூழல் மன்றம் வைத்திருக்கிறோம்.
— செங்கல்பட்டு ஆசிரியை

ப: வேடந்தாங்கல் உங்கள் மாவட்டத்தில்தான். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே அந்த ஊர்க்காரர்கள் பறவைகளைச் சுடக்கூடாது என்று வெள்ளைக்கார கலெக்டரிடம் போய் உத்தரவு வாங்கியவர்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் தங்கள் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த ஊர்ப் பெரியவர்களை உங்கள் மன்றத்துக்கு அழைத்துப் பேசச் சொல்லுங்கள்.

மீன்தொட்டியில் வளர்த்து அலுத்துப்போன நத்தையையும் மீனையும் பிள்ளைகள் ஏரியில் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரக்கத்தால் செய்வார்கள்; மிசிசிப்பிக் கதையைச் சொன்னால் நிறுத்துவார்கள். ஏரிக்குள் எந்த வாய்க்கால் வழியாக என்ன வருகிறது என்று ஒரு வரைபடம் போடச் சொல்லுங்கள். சாக்கடை கலக்கிற இடத்தைக் குறித்து ஊராட்சிக்கு மனுக் கொடுங்கள், பிள்ளைகள் கையெழுத்தோடு.

ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். 1987 முதல் நடக்கிறது. தன்னார்வலர்களுக்கு எப்போதும் தேவை இருக்கிறது. போகும்போது பைனாகுலரோடு ஒரு நோட்டுப் புத்தகமும் கொண்டுபோங்கள். பறவை எத்தனை என்று எழுதியபின், கரையோரமாக ஒரு சுற்று நடந்து, செத்துக் கிடப்பவை எத்தனை, தள்ளாடுபவை எத்தனை, எந்த இனம், எந்த இடம், எந்தத் தேதி என்று அடுத்த பக்கத்தில் எழுதுங்கள். தொடாதீர்கள். அன்றே வனச்சரக அலுவலகத்தில் அந்தப் பக்கத்தின் நகலைக் கொடுத்துவிடுங்கள். முதல் பத்துப் பறவைகள் விழும்போதே சொன்னால், நூறாவது பறவையைக் காப்பாற்ற வழி இருக்கிறது.